ஓரத்தில் பென்சிலால் எழுதியது

எனக்குக் கையெழுத்து அழகாக இருக்கும். நானே சொல்லிக்கொள்வது நன்றாக இல்லைதான். ஆனால் ஏழாம் வகுப்பில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம் அது. படிப்பில் சுமார், பாட்டில் மோசம், ஓட்டப்பந்தயத்தில் கடைசி. கையெழுத்து ஒன்றுதான் எனக்கென்று இருந்த சொத்து. அந்தச் சொத்தை வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் செய்த காரியம்தான் இந்தக் கதை.

எங்கள் வீதிக்குக் கேபிள் டிவி வந்த வருடம் அது. கணபதி என்கிற எங்கள் பகுதியில் அப்பாவுக்கு இரண்டு லேத் மிஷின் போட்ட சின்னப் பட்டறை. பட்டறைக்குப் பின்னால் வீடு. அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள், ஒரு கிரைண்டர் கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பாடகர் குழு, மற்ற நாள் சாயங்காலங்களில் அங்கே இளைஞர்களுக்கென்று இருந்த வாலிபர் ஐக்கியத்து வேலை.

வாலிபர் ஐக்கியத்தில் ஐந்து சிறு குழுக்கள் இருந்தன. ஆராதனை முடிந்ததும் ஒவ்வொரு குழுவும் சர்ச் வளாகத்தில் ஒரு மூலையைப் பிடித்து வட்டமாக உட்கார்ந்து, அன்றைய வேத பகுதியைப் பற்றிப் பேச வேண்டும். பேசுவதற்குக் கேள்விகள் வேண்டும் அல்லவா? அதுவரை அவற்றைத் தயாரித்து வந்தவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர். பிரளயத்தில் மிதந்த பேழையின் நீளம் எத்தனை முழம், புயல் அடித்தபோது படகில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்பார். அண்ணன்களும் அக்காக்களும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்வார்கள். பதில் தெரியாவிட்டால் "ஜெபிக்க வேண்டும்" என்று சொன்னால் போதும், வாத்தியார் திருப்தியோடு தலையாட்டிவிடுவார். அவர் பெங்களூரில் மகன் வீட்டோடு போய்விட்டதும் போதகர் அந்த வேலையை அக்காவிடம் கொடுத்தார்.

அக்கா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. காயில் சுற்றும்போதும் டவுன் பஸ்ஸில் தொங்கும்போதும் கேள்விகளையே யோசித்துக்கொண்டிருந்தாள். ராத்திரி சாப்பாட்டில் எங்கள்மேல் அவற்றைப் பரீட்சை பார்த்தாள். "உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவர் யார்? பாத்திரத்தில் அவருக்கு மீதம் இருக்கிறதா என்று நீங்கள் எட்டிப் பார்த்ததுண்டா?" என்று ஒருநாள் நோட்டைப் பார்த்துப் படித்தாள். அம்மா கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்பா கொஞ்ச நேரம் தட்டைப் பார்த்தபடி இருந்தார்.

"ஏனம்மணி, சோறு உண்ணும்போது இதையெல்லாம் கேக்கோணுமா?" என்றார்.

அக்காவுக்கு ஒரே சந்தோஷம். நல்ல கேள்வி என்றால் கேட்டதும் ஒரு நிமிஷமாவது யாரும் வாய் திறக்கக் கூடாது, டக்கென்று பதில் வந்தால் அது பரீட்சைக் கேள்வி என்பாள். அன்றிலிருந்து அப்பா கை கழுவப் போகுமுன் குழம்புச் சட்டியை ஒருமுறை எட்டிப் பார்ப்பது வழக்கமாயிற்று.

சர்ச்சிலும் இதே கதைதான். கூட்டம் முடிந்தும் வட்டங்கள் கலையவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் வேப்பமரத்தடியில் பேசிக்கொண்டிருந்தார்கள். சிலர் அழுததாகக்கூடக் கேள்வி. அதன் பிறகு அக்காவைத் தேடி வீட்டுக்கே ஆள் வர ஆரம்பித்தது. பட்டறை வாசலில் நின்று தணிந்த குரலில் பேசுவார்கள். நான் பக்கத்தில் போனால் பேச்சு நின்றுவிடும். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

இதில் என் பங்கு ஒன்று உண்டு, அது வெளியே தெரியாது. சர்ச் அலுவலகத்தில் ஒரு சைக்ளோஸ்டைல் மிஷின் இருந்தது. ஸ்டென்சில் என்கிற மெழுகு பூசிய நீலத்தாளில் முனை மழுங்கிய இரும்புப் பேனாவால் அழுத்தி எழுதி, அதை மிஷினில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினால் வேண்டிய பிரதிகள் வரும். அக்காவின் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும். அதனால் நீலத்தாளில் எழுதுவது நான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு முன் கேள்விகளை வேறு யாருக்கும் காட்டக் கூடாது என்பது போதகரின் கண்டிப்பு. "நீ எழுதறேன்னு வெளிய சொல்லிப்போடாத கண்ணு" என்று அக்கா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். வாராவாரம் நாற்பது பேர் என் எழுத்தைக் கையில் வைத்திருப்பார்கள். ஒருவருக்கும் அது என் எழுத்து என்று தெரியாது. எனக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது.

சர்ச்சில் என் கையெழுத்தைப் பாராட்டிய ஒரே ஆள் ஸ்டெல்லா டீச்சர். டீச்சர் என்றால் வயதானவர் இல்லை, இருபது இருபத்தொன்று இருக்கும். வார நாட்களில் ஒரு மருந்துக்கடையில் வேலை, ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஞாயிறு பள்ளி வகுப்புக்கு ஆசிரியை, ஆராதனை முடிந்ததும் சிறு குழுவில் ஒருத்தி. மனப்பாட வசனம் எழுதிய நோட்டை வாங்கிப் பார்த்து, என் பக்கத்தில் மட்டும் பச்சை மையில் நட்சத்திரம் போடுவார். அவருடைய அப்பா இரண்டு வருடத்துக்கு முன்னால், வேலை பார்த்த இரும்பு வார்க்கும் ஃபவுண்டரி மூடிய சமயத்தில், நெஞ்சுவலியில் இறந்துபோனார். எங்களையெல்லாம் அடக்கத்துக்குக் கூட்டிப்போயிருந்தார்கள். டீச்சர் அழாமல் நின்றது எனக்கு ஞாபகம் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை அக்காவுக்கு ஓவர்டைம். காலையிலேயே நோட்டை என்னிடம் நீட்டினாள்.

"படகுல புயலடிச்ச பகுதி. அஞ்சு கேள்வி. அப்படியே எழுதி, சாயங்காலம் வாட்ச்மேன்கிட்டக் குடுத்து நாப்பது பிரதி எடுத்து வெச்சிரு. ராத்திரி நான் வாரதுக்கு நேரமாயிரும்."

எப்போதும் நான் எழுதும்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அன்றைக்கு இல்லை. நோட்டின் இடது பக்கம் மையில் கேள்விகள். வலது ஓரத்தில் பென்சிலால் பொடிப்பொடியாக ஏதோ குறிப்புகள். முன்பெல்லாம் அந்த ஓரத்தை அவள் கையால் மறைத்துக்கொண்டுதான் சொல்லச் சொல்ல எழுதவைப்பாள். அன்று மறைக்க ஆள் இல்லை. "அப்படியே எழுது" என்றுதானே சொன்னாள்? நான் அப்படியே எழுத ஆரம்பித்தேன்.

அப்படியே என்றுகூடச் சொல்ல முடியாது. அதைவிட மோசம். அக்காவின் குறிப்புகள் அரையும் குறையுமாக இருந்தன. எங்கள் தமிழம்மா எதையும் முழு வாக்கியமாக எழுதச் சொல்லி மண்டையில் ஏற்றியிருந்தார், இல்லாவிட்டால் அரை மதிப்பெண் போய்விடும். இரண்டாவது கேள்வி, "வீட்டில் யாருக்கும் தெரியாமல் நீங்கள் பயந்துகொண்டிருக்கும் விஷயம் ஏதாவது உண்டா?" என்பது. அதன் ஓரத்தில் "சா. வேண்டாம். பாலி. போகல, பேட்டர்ன் கடை" என்று இருந்தது. சா. என்றால் வாலிபர் ஐக்கியத்துச் சாம் அண்ணன். நான் அதைச் சீர்செய்தேன். "சாம் இருக்கும் குழுவில் இக்கேள்வியைக் கேட்க வேண்டாம். ஏனெனில் அவர் பாலிடெக்னிக் போகவில்லை, பேட்டர்ன் கடையில் வேலை செய்கிறார்" என்று குண்டு குண்டாக எழுதினேன். பேட்டர்ன் கடை என்றால் வார்ப்புக்கு மர அச்சு செய்கிற இடம்; அவர் வீட்டிலோ பாலிடெக்னிக் போகிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது கேள்வி, "எல்லாம் மூழ்கிவிட்டது என்று உங்களுக்குத் தோன்றிய நாள் எது? அன்று உங்கள் பக்கத்தில் யார் இருந்தார்கள்?" என்பது. அதன் ஓரத்தில் இருந்ததையும் முழு வாக்கியமாக்கினேன். "ஸ்டெல்லா இருக்கும் குழுவில் இக்கேள்வியைக் கேட்க வேண்டாம். ஏனெனில் அவருடைய அப்பா நெஞ்சுவலியால் இறக்கவில்லை, மருந்து குடித்து இறந்தார். முதலில் பார்த்தது ஸ்டெல்லாதான்."

எழுதுகிறபோது எனக்குப் புரியவில்லை என்று சொன்னால் அது பொய். மருந்து குடிப்பது என்றால் விஷம் குடிப்பது என்று எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். படித்ததும் திக்கென்றது. பேனாவைக் கீழே வைத்தேன். பிறகு, வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது. பட்டறை வாசலில் என்னைக் கண்டதும் நின்றுபோன பேச்செல்லாம் இதோ என் கைக்கு வந்துவிட்டது. இனி நானும் பெரியவள். எனக்குத் தெரிந்துவிட்டதே என்கிற மகிழ்ச்சியில், தாளை வாங்குகிற எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. பேனாவை எடுத்து மிச்சத்தையும் எழுதி முடித்தேன்.

சர்ச் வாட்ச்மேனுக்குக் கண்ணாடி இல்லாமல் ஓரெழுத்தும் தெரியாது. மிஷினைச் சுற்றி நாற்பது தாளையும் அடுக்கிக் கொடுத்தார். மறுநாள் அக்கா பாடகர் குழுவுக்கு விடிகாலையிலேயே கிளம்பிப் போய்விட்டாள். ஆராதனை முடிந்து, பாடகர் குழு உட்காரும் மாடியிலிருந்து அவள் இறங்குவதற்குள் நான் ஐந்து குழுக்களிடமும் ஓடி ஓடித் தாள்களைக் கொடுத்து முடித்திருந்தேன்.

பிறகு வேப்பமரத்தில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தேன். முதலில் எங்கும் ஒரே சலசலப்பு. நாற்காலி இழுக்கிற சத்தம், சிரிப்பு. அப்புறம் ஒரு வட்டத்தில் பேச்சு நின்றது. அடுத்த வட்டத்திலும் நின்றது. ஐந்து மூலையிலும் யாரும் வாய் திறக்கவில்லை. தெருவில் போன காய்கறி வண்டிக்காரர் கூவியது தெளிவாகக் கேட்டது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அக்கா சொன்ன அந்த ஒரு நிமிஷம் இதுதான் என்று நினைத்தேன். இதுவரை எழுதியதிலேயே இவைதான் சிறந்த கேள்விகள் போலிருக்கிறது, அவள் வந்து பார்க்க வேண்டுமே என்று படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா வந்தாள். சிரித்துக்கொண்டேதான் வந்தாள். பக்கத்தில் இருந்த ஒருவர் கையிலிருந்து தாளை வாங்கினாள். அவள் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை நான் கண்ணால் பார்த்தேன். அப்படி ஒரு முகத்தை அதற்கு முன்பு எங்கள் வீட்டில் யாரிடமும் பார்த்ததில்லை. அடுத்த கணம் பைத்தியம் பிடித்தவள் மாதிரி ஓடினாள். ஒவ்வொரு வட்டமாகப் போய், கையிலிருந்த தாள்களைப் பிடுங்கினாள். யாரும் தடுக்கவில்லை, கேட்கவில்லை. சாம் அண்ணன் மட்டும் தன் தாளைத் தானே மடித்து அவள் கையில் வைத்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மரத்தை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

முப்பத்தொன்பது தாள்கள் திரும்பி வந்தன. ஸ்டெல்லா டீச்சரையும் காணவில்லை, அவர் தாளையும் காணவில்லை.

அலுவலகத்துக்கு அக்காவைக் கூப்பிட்டார்கள். நான் சன்னலுக்கு வெளியே நின்றேன். போதகரும் சர்ச் கமிட்டிக்காரர் ஒருவரும் உள்ளே இருந்தார்கள்.

"இதை யாரும்மா ஸ்டென்சில்ல எழுதினது?" என்றார் போதகர்.

"நாந்தானுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சர்ச்சுக்குள் நின்று, போதகர் முகத்துக்கு நேராக அக்கா பொய் சொல்கிறாள். அன்று நடந்ததிலேயே என்னை அதிகம் நடுங்கவைத்தது அந்தப் பொய்தான் என்று சொன்னால், நான் எவ்வளவு சின்னப்பிள்ளை என்பது விளங்கும்.

கமிட்டிக்காரருக்குத் தாளை எழுதியது யார் என்பதில் அக்கறை இல்லை. "அப்படீன்னா ரெண்டு வருஷத்துக்கு முன்னால நம்மகிட்டப் பொய் சொல்லித்தானுங்க கல்லறைத் தோட்டத்துல எடம் வாங்கியிருக்காங்க? இதைக் கமிட்டியில வெக்கோணுமுங்க" என்றார். தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவர்களுக்கு அந்தத் தோட்டத்தில் இடம் கிடையாது என்று சில பெரியவர்கள் பேசிக்கொள்வது உண்டு. அதனால்தான் ஸ்டெல்லா டீச்சர் வீட்டில் நெஞ்சுவலி என்று சொல்லியிருக்கிறார்கள். டீச்சர் அழாமல் நின்றது எதனால் என்பது அப்போது எனக்கு லேசாகப் பிடிபட்டது. செத்துப்போனவரைத் தோண்டி எடுத்துவிடுவார்களோ என்று நான் பயந்தே போனேன்.

போதகர் தாளை மடித்து மேசைக்குள் வைத்தார். பிறகு, "அன்னைக்கு நான் அடக்கம் பண்ணினது ஒரு மனுசனைங்க. எப்படிச் செத்தாருங்கறதை இல்லை. கமிட்டியில இதை வெச்சா நான் அங்க தலைவர் நாற்காலியில உக்கார மாட்டேன்" என்றார். கமிட்டிக்காரர் மறுபேச்சுப் பேசாமல் வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு போனார். கல்லறைக்கு வந்த ஆபத்து அதோடு நின்றது. ஊர் வாய்க்குத்தான் கதவு கிடையாதே.

சாயங்காலம் அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு ஸ்டெல்லா டீச்சர் வீட்டுக்குப் போனாள். வழியெல்லாம் அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. டீச்சரின் அம்மா கதவைத் திறந்து, வாங்க என்று உட்காரச் சொல்லி, ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். டீச்சர் உள்ளறையில் இருந்தார், வெளியே வரவில்லை. அக்கா எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டாள். ஓரத்தில் எழுதியது தவறிப்போய்த் தாளில் வந்துவிட்டது என்றாள். கேட்கிறவர் புண்படக் கூடாதே, அந்தக் குழுவில் மட்டும் அந்தக் கேள்வியைத் தாண்டிவிடச் சொல்லலாம் என்றுதான் குறித்து வைத்தேன் என்றாள்.

அந்த அம்மா கத்தவில்லை. வழக்கமான மரியாதையோடுதான் கேட்டார்.

"என்ற புள்ள உங்ககிட்ட வந்து அழுதாளுங்க அம்மணி. அழுததை நீங்க எதுக்குங்க எழுதி வெச்சீங்க?"

அக்கா பதில் சொல்லவில்லை. ஒரு நிமிஷம் போயிற்று. அதற்கு மேலும் போயிற்று. சுவர்க்கடிகாரம் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அக்காவின் இலக்கணப்படி பார்த்தால், அந்த வருடம் முழுக்கக் கேட்கப்பட்டதிலேயே நல்ல கேள்வி அதுதான். தண்ணீரைத் தொடாமலே நாங்கள் வீட்டுக்கு வந்தோம்.

அதன் பிறகு அக்கா கேள்வி எழுதவில்லை. அப்பா பழக்கதோஷத்தில் சட்டியை எட்டிப் பார்த்தபடி, "என்னம்மணி, இந்த வாரம் ஒண்ணுமில்லையா?" என்று ஒருநாள் கேட்டார். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோய்விட்டாள். நோட்டை வெந்நீர் அடுப்பில் போட்டதை நான் பார்த்தேன். சிறு குழுக்களில் மறுபடியும் பேழையின் நீளம் வந்தது. சாம் அண்ணன் வீட்டில் இரண்டு நாள் ரகளை நடந்து, பிறகு அவர் பகிரங்கமாகவே பேட்டர்ன் கடைக்கு டிபன் பாக்ஸோடு போக ஆரம்பித்தார். அவரைப் பொறுத்தவரை பெரிய பாரம் இறங்கினது போலத்தான் தெரிந்தது. ஸ்டெல்லா டீச்சர் விஷயம் அப்படி முடியவில்லை. அன்னூர்ப் பக்கம் அவருக்குப் பேசிக்கொண்டிருந்த சம்பந்தம், ஒரு காரணமும் சொல்லாமல் நின்றுபோனது. அவரும் அம்மாவும் வீட்டைக் காலி செய்துகொண்டு திருப்பூரில் மாமா வீட்டுக்குப் போவதாகப் பேசிக்கொண்டார்கள்.

அக்கா ஒருமுறைகூட என்னைக் குறை சொல்லவில்லை. நான் செய்தேன் என்று அம்மா அப்பாவிடமும் சொல்லவில்லை. எழுதினது யார் என்பது அக்காவுக்கும் எனக்கும் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாது என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

ஊரை விட்டுப் போகிற வாரம் ஸ்டெல்லா டீச்சர் கடைசியாக ஞாயிறு பள்ளிக்கு வந்தார். பாடம் நடத்தவில்லை. திருத்திய நோட்டுகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்தார். என் நோட்டைக் கடைசியாக எடுத்தார். பக்கத்தைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்தபடி இருந்தார். வழக்கம்போலப் பச்சை நட்சத்திரம் இருந்தது.

"உன்ற கையெழுத்து ரொம்ப அழகு கண்ணு," என்றார். "எங்க பாத்தாலும் எனக்குத் தெரிஞ்சுபோயிரும்."

சொல்லிவிட்டு என் கன்னத்தைத் தொட்டார். அவர் விரல்கள் சில்லென்று இருந்தன. நோட்டை மூடி என் கையில் கொடுத்தார்.

அவருடைய ரகசியத்தை நான் நாற்பது பிரதி எடுத்துக் கொடுத்திருந்தேன். என்னுடையதை அவர் ஒரு மாதமாகத் தெரிந்து வைத்துக்கொண்டு, ஒருவரிடமும் சொல்லாமல், தன்னோடு திருப்பூருக்கு எடுத்துக்கொண்டு போனார். இது எனக்கு விளங்கப் பல வருடங்கள் பிடித்தன. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், கடைசியில் ஒருவராவது வாய்விட்டுப் பாராட்டினார் என்பதுதான். பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "தேங்க்ஸ் டீச்சர்" என்றேன். நட்சத்திரம் போட்ட பக்கத்தை விரித்துப் பிடித்தபடி, அதை அக்காவிடம் காட்டுவதற்காக வீடுவரைக்கும் ஓடினேன்.